பார்வைக் குறைபாடு உள்ளோருக்கு ஏற்ற கட்டடம்: பிரெயில் பலகைகள் மட்டும் போதுமா?

பிரெயில் பலகைகளும், தரையில் காலாலும் கோலாலும் உணரக்கூடிய மேடுகள் கொண்ட தொட்டுணர் டைல்களும் அமைத்துவிட்டால் கட்டடம் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்றதாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் தேவைதான்; ஆனால் போதாது. பார்வைக் குறைபாடு உள்ள எங்களில் பெரும்பாலோருக்கு ஓரளவு பார்வை எஞ்சியிருக்கிறது. அதைக் கொண்டுதான் வழி அறிகிறோம். விழித்திரை நோயால் பக்கவாட்டுப் பார்வையை இழந்தவன் என்ற முறையில், வெளிச்சத்தையும் நிற வேறுபாட்டையும்தான் நான் முதலில் வைப்பேன்.

படிக்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறப் பளபளப்புக் கல் பதித்த படிகள், மேலே நின்று பார்க்கும்போது எனக்கு ஒரே சரிவாகத் தெரிகின்றன. எந்த இடத்தில் காலை இறக்குவது என்று தெரிவதில்லை. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் சுமார் 5 செ.மீ. அகலத்தில், வழுக்காத, நன்கு வேறுபட்டுத் தெரியும் பட்டை ஒன்று இருந்தால் போதும், இறங்குவதில் உள்ள அச்சம் பெருமளவு நீங்கிவிடும். கைப்பிடியும் கடைசிப் படியோடு நின்றுவிடாமல் சுமார் 30 செ.மீ. நீண்டிருந்தால், சமதளம் வந்துவிட்டதைக் கையே சொல்லிவிடும்.

வேறுபாடு என்று நான் சொல்வது நிறத்தின் பெயரை வைத்து அல்ல. சிவப்பும் பச்சையும் ஒளியை ஒரே அளவில் பிரதிபலித்தால், எங்களில் பலருக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினம். எல்லோரும் பயன்படுத்தத்தக்க கட்டடங்களுக்கான பிரிட்டனின் பிஎஸ் 8300 தரநிலை, அடுத்தடுத்த பரப்புகளின் ஒளிப் பிரதிபலிப்பு மதிப்பில் (ஒரு பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரை காட்டும் அளவு) 30 புள்ளி வேறுபாட்டை எதிர்பார்ப்பது இதனால்தான். கதவும் சுவரும், சுவரும் தரையும் இப்படிப் பிரிந்து தெரிய வேண்டும். நடைவழியின் முடிவில் பெரிய சன்னலும் பளபளக்கும் தரையும் சேர்ந்தால், அந்தக் கண்கூச்சத்தில் எதிரே வருபவர்கூடத் தெரிய மாட்டார்.

வெண்கோல் பயன்படுத்துவோருக்குச் சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் பொருள்களே பேராபத்து. தரையைத் தடவிச் செல்லும் கோல், மார்பளவு உயரத்தில் மாட்டிய தீயணைப்புக் கருவிப் பெட்டிக்கு அடியில் எதிலும் படாமல் கடந்துவிடும். பெட்டியின் மூலையை உடல்தான் கண்டுபிடிக்கும். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் (ஏடிஏ) கட்டடத் தரநிலை, 27 அங்குலத்துக்கும் 80 அங்குலத்துக்கும் இடைப்பட்ட உயரத்தில் சுவரில் உள்ளவை 4 அங்குலத்துக்கு மேல் நீட்டக்கூடாது என்கிறது. தலை இடிக்காமல் இருக்க, மாடிப்படியின் சரிவான அடிப்பகுதியையும் தடுப்பு வைத்து மூட வேண்டும்.

தொட்டுணர் டைல்களை உருவாக்கியவர் ஜப்பானியரான செய்இச்சி மியாகே; அவை 1967-இல் அந்நாட்டின் ஒகயாமா நகரில் முதன்முதலில் பதிக்கப்பட்டன. இன்று பரவலாக உள்ள முறையில், நீளக் கோடுகள் வழியைக் காட்டும், புள்ளிகள் எச்சரிக்கும். இந்த ஒழுங்கை அறியாமல் அழகுக்காகப் பதிப்பதும், தூணில் போய் முட்டும்படி பதிப்பதும் டைலே இல்லாததைவிடக் கெடுதல்.

உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: வரைபடம் முடிவாகும் முன்பே, முற்றிலும் பார்வையற்றவர்களையும் குறைபார்வை உள்ளவர்களையும் அழைத்துக் கேளுங்கள். டைல், வண்ண மாதிரிகளைக் கடையின் விளக்கொளியில் தேர்ந்தெடுக்காமல், அவை பொருத்தப்படவிருக்கும் இடத்தின் வெளிச்சத்தில், பகலிலும் இரவிலும், அவர்களையே பார்த்துச் சொல்லச் செய்யுங்கள்.