வயலில் இறங்க முன் குளிசை யாரிடம் கேட்பது?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறோம். போன காலபோகத்தில் பக்கத்து வயல்காரர் எலிக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்த முறை முன்கூட்டியே குளிசை எடுக்கலாம் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கேட்பதா, எம்.ஓ.எச். ஒபிசில் கேட்பதா?"

எம்.ஓ.எச். ஒபிசில்தான். ஆஸ்பத்திரி நோய் வந்த பிறகு போகிற இடம். வராமல் பார்ப்பது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வேலை. அங்கே உங்கள் பகுதிக்கென்று ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருப்பார். நாங்கள் பி.எச்.ஐ. என்று சொல்கிறவர்தான். குளிசைக்குக் காசு இல்லை. அவரைப் பிடிக்க முடியாவிட்டால் கிளினிக்கில் குடும்பநல மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள், இருவரும் ஒரே பணிமனைதான்.

தருவது டொக்சிசைக்கிளின். வளர்ந்தவர்களுக்கு வாரம் ஒரு தடவை 200 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு, நிறையத் தண்ணீரோடு. வயல் வேலை நடக்கும் காலம் முழுக்க எடுக்க வேண்டும். களை பிடுங்க நீங்களும் இறங்குவீர்கள்தானே? கர்ப்பமாகவோ பாலூட்டுபவராகவோ இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள், இது உங்களுக்குரிய மருந்தல்ல. பார்மசியில் நீங்களாக வாங்கவும் வேண்டாம்.

குளிசை எடுத்தாலும் காய்ச்சல் வரலாம். இதைத்தான் நம் சனம் மறந்துவிடுகிறது. எலி மட்டுமல்ல, மாட்டின் சிறுநீரிலும் இந்தக் கிருமி இருக்கும். சேற்றிலிருந்து காலில் உள்ள சின்ன வெடிப்பு வழியாகவும் உள்ளே போய்விடும். இறங்கி ஒன்றிரண்டு கிழமைக்குள் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலில் தொட முடியாத நோ, கண் சிவப்பு என்றால் பனடோலோடு வீட்டில் படுக்காதீர்கள். சிறுநீர் குறைந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, 1990ஐ அழைத்து இலவச அம்புலன்சில் போங்கள்.

வைத்தியரிடம் முதல் வசனமாக "வயலில் இறங்கினவர்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லால் நிறைய நடக்கும். எலிக்காய்ச்சல் அறிவிக்க வேண்டிய நோய். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சந்தேகம் இருந்தாலே வைத்தியர் எம்.ஓ.எச்.சுக்கு அறிவிக்க வேண்டும், தனியார் வைத்தியரும்தான். அப்புறம் பி.எச்.ஐ. வீட்டுக்கு வருவார். எந்த வாய்க்காலில் கால் கழுவினார், நெல் மூட்டை எங்கே அடுக்கியிருக்கிறது, மாட்டுக் கொட்டிலின் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அது குற்றம் பிடிக்க வருகிற வருகையல்ல. பக்கத்து வயல்களில் யாருக்குக் குளிசை கொடுக்க வேண்டும் என்று அங்கிருந்துதான் தெரியும். உங்கள் பக்கத்து வயல்காரரின் காய்ச்சல் அறிவிக்கப்பட்டிருந்தால் உங்கள் பகுதி ஏற்கெனவே அவர்கள் பதிவில் இருக்கும். எதற்கும் போய்க் கேளுங்கள்.

இந்த வழி பலன் தரும் என்பதற்கு மலேரியாவே சாட்சி. ஒரு காலத்தில் வன்னியில் மலேரியா படாத வீடு குறைவு. காய்ச்சல்காரரின் இரத்தத்தைப் பார்த்து, நோய் கண்டால் அவர் வீடு வரை தேடிப்போன வேலையின் பலனாக, 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

பணிமனையில் குளிசை முடிந்துவிட்டது என்றாலோ, உங்கள் பகுதிக்குப் பரிசோதகர் இல்லை என்றாலோ, முல்லைத்தீவு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதுங்கள். மாவட்டத்தின் எம்.ஓ.எச். பணிமனைகள் அவருக்குக் கீழேதான். கமக்காரர் அமைப்பின் பெயரில், விதைப்புக்கு முன்பே, எத்தனை பேர் வயலில் இறங்குகிறார்கள் என்ற பட்டியலோடு கடிதம் போகட்டும்.