அவளுக்கு ஒரு இடம் போட்டு வை

கேள்வி: டீச்சர், நாங்கள் நான்கு பேர் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அதில் ஒருத்தி இப்போது ஒருவனைக் காதலிக்கிறாள். முதலில் அவள் போன் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டான். அப்புறம் எங்கே போனாலும் லொக்கேஷன் அனுப்பச் சொன்னான். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் விலகிவிட்டாள். போன வாரம் அவள் கையில் விரல் பதிந்த தடம் பார்த்தேன். கதவில் இடித்துக்கொண்டாளாம். “அவனா, நாங்களா, முடிவு பண்ணு” என்று சொல்லிவிட்டோம். அன்றிலிருந்து எங்களைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகிறாள். நாங்கள் செய்தது தப்பா?
– பெயர் வேண்டாம், வயது 16

பதில்: கண்ணு, பதறிப்போய்க் கேட்டுவிட்டீர்கள், புரிகிறது. ஆனால் அதே கேள்வியைத்தான் அவனும் அவளிடம் கேட்டுக்கொண்டிருப்பான். இரண்டு பக்கமும் இழுத்தால், எந்தப் பக்கம் பயமோ அந்தப் பக்கம்தான் அவள் போவாள்.

இருபது வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி வருகிறேன். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அடி பிறகுதான் விழுந்தது. நண்பர்கள் முன்பே போய்விட்டார்கள். “அவங்களுக்கு நம்மளைப் பார்த்தா பொறாமை” என்று காதலிப்பவர் சொல்வதில் ஆரம்பிக்கும். 1984இல் அமெரிக்காவின் டுலூத் நகரில், அடிபட்ட பெண்கள் சொன்னதை வைத்து, அடிக்கிறவன் ஆளை எப்படியெல்லாம் அடக்கி வைக்கிறான் என்று காட்டும் ஒரு சக்கரப் படம் வரைந்தார்கள். அடி உதையெல்லாம் அதன் வெளி விளிம்பில். உள்ளே ஆரக்கால்களில் ஒன்று, ஆளைத் தனிமைப்படுத்துவது. உன் தோழி குரூப்பை விட்டுப் போனதை அந்த இடத்தில் வைத்துப் பார்.

அவளை ஏமாளி என்று மட்டும் நினைத்துவிடாதே. காதலிலோ திருமணத்திலோ இருந்த 15 முதல் 19 வயதுப் பெண்களில் 24 சதவீதம் பேர் துணையிடம் அடியோ பாலியல் வன்முறையோ பட்டிருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் சொன்னது. பையன்களும் அடி வாங்குகிறார்கள். காதலி அறைந்ததைச் சொன்ன ஒரு பையனைப் பார்த்து அவன் நண்பர்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பையனைக் காதலிக்கும் பையனுக்கு “உன் வீட்டில் சொல்லிவிடுவேன்” என்ற ஒரு மிரட்டல் போதும். புதிதாக ஊர் மாறி வந்த பிள்ளைக்கும், காது கேளாத பிள்ளைக்கும் பேச ஒரே ஒரு ஆள்தான் இருப்பார்கள். அந்த ஆளே அடித்தால் யாரிடம் போவது?

சரி, இப்போது என்ன செய்யலாம்? அவள் போனில் அவனைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே, அவன் படிப்பான். நேரில், தனியாக இருக்கும்போது சொல்: “அன்னைக்கு அப்படிக் கேட்டது தப்பு. நீ அவன்கூட இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் உன் ஃப்ரெண்டுதான்.” தடத்தைப் பற்றி ஒரே ஒரு முறை, “எனக்குப் பயமா இருக்கு” என்று சொல். பதில் கேட்டு நிற்காதே. அவனைத் திட்டாதே, திட்டினால் அவனுக்காக வாதாடத் தொடங்கிவிடுவாள். நீங்கள் மூவரும் போய் அவனைத் தட்டிக் கேட்கவும் வேண்டாம், அந்தக் கோபம் அவள் மேல்தான் இறங்கும்.

கழுத்தைப் பிடித்தான், கொன்றுவிடுவேன் என்றான், போட்டோவை வெளியே விடுவேன் என்றான், செத்துப்போவேன் என்று மிரட்டினான் — இதில் எது காதில் விழுந்தாலும் ரகசியம் காக்காதே. உடைந்துபோகாமல் கேட்கக்கூடிய ஒரு பெரியவரிடம் அன்றைக்கே சொல். முடிந்தால் அவளையும் கூட்டிப் போ. பிரிகிறேன் என்று அவள் சொல்லும் நாட்களில் ஆபத்து கூடும். அப்போது அவளைத் தனியாக விடாதீர்கள்.

முன்பு என் பள்ளியில் இப்படி ஒதுங்கிப்போன ஒருத்திக்காக, அவள் தோழி தினமும் பெஞ்சில் தன் பையை வைத்து இடம் போட்டாள். மணி அடித்த பிறகுதான் எடுப்பாள். இரண்டு மாதம் அந்த இடம் காலியாகவே கிடந்தது. ஒருநாள் காலை அவள் வந்து, ஒன்றும் பேசாமல் பையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். மதியம் இருவருமாக என் அறைக்கு வந்தார்கள்.

நாளைக்கே இடம் போடு, கண்ணு.