ஒரே ஆளா, வேற வேற ஆளா? ரத்த அழுத்தக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, தேசியக் குடும்பநல ஆய்வின் 2015-16, 2019-21 சுற்றுகளைச் சேர்த்து, ஒருவருக்கு பிரஷர் எவ்வளவு ஏறியது என்று பார்க்கலாமா?

முடியாது. இரண்டு சுற்றிலும் அளந்தது வேற வேற ஆட்களை. மாவட்டத்தின் சராசரி மாறியதா என்று சொல்லலாம், அதையும் வயதைச் சரிசெய்த பிறகு.

கேள்வி: ஒரே ஆட்களைப் பலமுறை அளந்திருந்தால்?

இது நல்ல கேள்வி. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாமில் 1948-இல் தொடங்கி 5,209 பேரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரவழைத்து அளந்தார்கள். அந்த மாதிரி தரவில் ஒவ்வொருவரின் ஒவ்வொரு இரண்டு வருடத்தையும் அட்டவணையில் தனி வரியாக்குங்கள். வரியின் தொடக்கத்தில் பிரஷர், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம். கடைசியில் மாரடைப்பு வந்ததா இல்லையா. வந்தவர் அடுத்த வரியில் இருக்க மாட்டார். இதற்கு லாஜிஸ்டிக் மாடல் (வந்ததா இல்லையா என்பதன் வாய்ப்பைக் கணக்கிடும் முறை) போதும். இடைவெளி குறுகியதாக, நோய் அரிதாக இருந்தால், மாறும் அளவுகளைக் காக்ஸ் மாடலில் (நோய் எவ்வளவு காலத்தில் வருகிறது என்று பார்க்கும் முறை) கொடுத்தாலும் விடை கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பின்னால் அளந்ததை முன் வரியில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வராதவர்களுக்குப் போன தடவை அளவையே போடலாமா?

வேண்டாம். ஏன் வரவில்லை என்று முதலில் விசாரியுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் போன வருட 128-ஐப் போட்டால் அது பொய்க்கணக்கு.

கேள்வி: எனக்கு 150/95. மாத்திரை போடலாமா?

டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: முகாமில் 140-க்கு மேல் இருந்தவர்களை மட்டும் மூன்று மாதம் நடக்க வைத்தோம். சராசரி நன்றாக இறங்கியது. நடைதானே காரணம்?

அவசரப்படாதீர்கள். ஒரே நாள் அளவை வைத்து பிரஷர் அதிகமானவர்களைப் பொறுக்கினால், அன்றைக்கு மட்டும் ஏறியிருந்தவர்களும் சேர்ந்துவிடுவார்கள். படியேறி வந்த மூச்சோடு 152 காட்டியவர், சும்மா இருந்திருந்தாலும் அடுத்த முறை 141 காட்டலாம்.

அதே நபர்: அப்போ நடப்பதே வீணா?

அப்படி எங்கே சொன்னேன்? நடையால் எவ்வளவு, தானாக எவ்வளவு என்று உங்கள் தரவால் பிரிக்க முடியாது என்கிறேன். நடக்காத ஒரு குழு வேண்டும்.

கேள்வி: இரண்டு சுற்று சர்வேயை இணைத்து ஒருவரின் மாற்றத்தை...

முதல் பதிலைப் படியுங்கள். ஒரே ஆளா, வேற ஆளா? இதைக் கேட்காமல் கணினியைத் திறக்காதீர்கள்.

முகாம்காரர் மறுபடி: எல்லாருக்கும் இறங்கியது அக்கா, எப்படித் தற்செயலாகும்?

சரி, முதல் நாள் 110 காட்டியவர்களுக்கு இப்போது எவ்வளவு? அவர்களுக்கு ஏறியிருந்தால் நான் சொன்னதுதான்: அன்றைக்கு மட்டும் ஏறியதும் இறங்கியதும் தானாகச் சராசரிப் பக்கம் திரும்புகிறது.

முகாம்காரர்: அவர்களைத் திரும்ப அளக்கவே இல்லையே.

அப்போ இந்த வாரமே போய் அளந்துவிட்டு வாருங்கள், ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு.