அம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

கேள்வி: நான், மனைவி, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், 72 வயதான என் அம்மா என ஐந்து பேரும் கடற்கரைச் சாலை வழியாகக் காரில் 620 கிலோமீட்டர் பயணம் செல்லவிருக்கிறோம். நான் ஒருவன்தான் வண்டி ஓட்டுவேன். நடுவில் ஓர் இரவு தங்க வேண்டும். 310-ஆவது கிலோமீட்டரில் கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு சிறிய ஊரும் சாதாரணமான விடுதியும் இருக்கின்றன. 460-ஆவது கிலோமீட்டரில் கடலைப் பார்த்தபடி ஒரு நல்ல விடுதி இருக்கிறது. அறை இரண்டாவது மாடியில், பால்கனியிலிருந்தே சூரிய உதயத்தைப் பார்க்கலாம். காலை 8 மணிக்குக் கிளம்பினால் பத்து மணி நேர ஓட்டம். சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் நிறுத்தினால் இரவு 7 மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். பிள்ளைகள் கண் விழிக்கும்போது கடல் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. மனைவி வேண்டாம் என்கிறார். அம்மாவால் எந்தச் சிக்கலும் இல்லை. பயண நாளில் அவர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் என்பதால் அடிக்கடி வண்டியை நிறுத்த வேண்டியிருக்காது. எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டு விடுதிகளைப் பற்றி விரிவாக எழுதிய நீங்கள், அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. “பயண நாளில் அவர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்” என்பதை அவருடைய நல்ல குணங்களில் ஒன்றைச் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறீர்கள். 72 வயதான பெண் ஒருவர் பகல் முழுவதும் தாகத்தை அடக்கிக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பதை, வண்டியை நிறுத்தத் தேவையில்லை என்ற வசதியாக எண்ணிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள ஒரு மகனுக்கு எப்படி மனம் வந்தது?

குடும்பத்தோடு நெடுந்தூரம் போவதைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் இந்த வாக்கியம் ஏதாவதொரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் மாமியாரைப் பற்றி எழுதுவார், இன்னொருவர் பாட்டியைப் பற்றி எழுதுவார். “அவர்களால் தொந்தரவே கிடையாது” என்பது மட்டும் மாறாது. வயதான பெண்கள் பலர் பயணத்துக்கு முந்தைய இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். வழியிலுள்ள கழிப்பறை சுத்தமாக இருக்குமா, அங்கே உட்கார்ந்தால் மூட்டுவலியோடு எழுந்திருக்க முடியுமா, யாரைத் துணைக்கு அழைப்பது என்ற கவலைகள் ஒரு பக்கம் இருக்க, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் மகனிடம் “நிறுத்தப்பா” என்று சொல்வதற்கு இருக்கும் கூச்சம் அவை எல்லாவற்றையும்விடப் பெரியது. என்றோ ஒருநாள் அவர் கேட்டபோது “இப்போதுதானே நிறுத்தினோம்” என்று வீட்டில் யாராவது சலித்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் அதை அன்றே மறந்திருப்பீர்கள்; அவர் மறக்கவில்லை. உங்கள் அம்மாவுக்குத் தேவை எதுவும் இல்லை என்று இதற்குப் பொருளாகாது. கேட்பதை அவர் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

இந்த முறை பின்கண்ணாடியில் அவரைக் கொஞ்சம் கவனியுங்கள். பேரன் நீட்டும் பாட்டிலை வாங்கி, உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு, மூடியைத் திருகிக் காலடியில் வைத்துவிடுவார். மதிய மாத்திரையை ஒரே மிடறில் தொண்டைக்குள் தள்ளுவார். மூன்று மணிக்குக் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பதைப் பார்த்து, பாட்டி தூங்குகிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வீர்கள். பாதி நேரம் அது தூக்கமாக இருக்காது. வண்டி நின்றதும் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காலைத் தரையில் ஊன்றி, உடனே நடக்காமல் ஒரு நிமிடம் அப்படியே நிற்பார். அப்போது குனிந்து பார்த்தால், செருப்பு வார் அழுத்திய தடம் வீங்கிய பாதத்தில் பதிந்திருப்பது தெரியும்.

வயதாக ஆகத் தாக உணர்வு மங்குகிறது. சிறுநீரகமும் நீரைத் தக்கவைத்துக்கொள்ளும் திறனைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. உடலில் இருக்கும் நீரின் அளவும் இளம் வயதில் இருந்ததைவிடக் குறைந்துவிடுகிறது. ஆகவே, தாகமே எடுக்கவில்லை என்று அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், உடல் வறண்டிருக்கலாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், இரத்த அழுத்தம் திடீரென்று இறங்குவது, நிலைதடுமாறி விழுவது, நினைவுக் குழப்பம், சிறுநீர்த் தொற்று ஆகிய எல்லாவற்றுக்கும் இதிலிருந்து வழியிருக்கிறது. இத்துடன் நெடுநேரம் காலை அசைக்காமல் உட்கார்ந்திருப்பதும் சேர்ந்துகொள்கிறது. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பிறகு கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது; விமானத்துக்கு மட்டுமன்றி, கார், பேருந்து, ரயில் பயணங்களுக்கும் இது பொருந்தும். ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த வாய்ப்பு சிறியதுதான் என்றாலும், வயது ஏறும்போது அதுவும் ஏறுகிறது. பயணம் முடிந்த பின் ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைச் சதையில் வலியோ தெரிந்தால், அதைப் பயண அலுப்பு என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அவர் நீர் மாத்திரை (சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மாத்திரை) சாப்பிடுகிறவரானால், பயண நாளில் அந்த மாத்திரையையும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறாரா என்று கேளுங்கள். தண்ணீரை நிறுத்துகிறவர்கள் சிலர் அதையும் நிறுத்துவதுண்டு. நேரத்தை மாற்றிச் சாப்பிடலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய வாரமே கேட்டுவிடுங்கள். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீரை அளந்து குடிக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருந்தால், அந்த அளவையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரே ஒரு நிறுத்தம் என்று போட்டிருக்கிறீர்களே, அந்தக் கணக்கு உங்கள் அம்மாவின் வறண்ட தொண்டையை நம்பிப் போடப்பட்டது. அவர் மற்றவர்களைப் போலத் தண்ணீர் குடிப்பார் என்று வைத்துக்கொண்டு மறுபடியும் போட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். இது அவருக்காக மட்டும் இல்லை, தனியாக வண்டி ஓட்டும் உங்களுக்கும் அதுதான் முறை. நான்கு நிறுத்தங்களில் ஒன்று சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், மற்ற மூன்றும் இருபது நிமிடம் என்றால், கடலோர விடுதியை அடைய இரவு 8 மணியாகும். அதுவும் நான்கு வயதுப் பையனுக்கு வாந்தி வராமல், எந்தப் பாலத்திலும் வண்டிகள் தேங்காமல் இருந்தால்தான். கடற்கரைச் சாலை வரைபடத்தில் தெரிவதுபோல் ஓடுவதில்லை. ஒவ்வொரு கழிமுகத்திலும் உள்ளே வளைந்து பாலம் கடந்து திரும்பவும் கரைக்கு வரும். ஊர்களுக்கு நடுவே விளக்கே இல்லாத நீண்ட பகுதிகள் வரும். ஓரத்தில் நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் அருகில் வந்த பிறகே கண்ணில் படுவார்கள். காலை 5 மணிக்கு எழுந்தவருக்கு வழியில் இரண்டு மணி நேரம் தாமதமானால், இரவு 10 மணிக்கு அவர் 17 மணி நேரம் விழித்திருப்பவராகிறார். அந்த நிலையில் ஒருவருடைய கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஐந்து உயிர்களை ஏற்றிக்கொண்டு, கடைசி 150 கிலோமீட்டரை இருட்டில் அப்படி ஓட்டுவதற்கு உங்களுக்கு உரிமை இல்லை.

அந்த விடுதியை அடைந்த பிறகும் உங்கள் அம்மாவின் நாள் முடியவில்லை. பகலெல்லாம் மடங்கியிருந்த முழங்கால்களோடு, தண்ணீர் இல்லாத உடம்போடு, அறிமுகமில்லாத இடத்தில், இருட்டிய பிறகு அவர் இரண்டு மாடி ஏற வேண்டும். மின்தூக்கி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, விசாரித்ததாகவும் தெரியவில்லை. பால்கனியைப் பற்றி எழுதத் தெரிந்தவருக்குப் படிகளைப் பற்றி எழுதத் தோன்றவில்லை. முதியவர்கள் புதிய இடத்தில் இரவு கழிப்பறைக்கு எழும்போது விழுவதுண்டு என்பதையும், இடுப்பெலும்பு முறிந்தால் அதன் பிறகு பலருடைய நடை பழையபடி திரும்புவதில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆகவே 310-ஆவது கிலோமீட்டரில் தங்குங்கள். மேற்சொன்னபடி நிறுத்தி நிறுத்திப் போனாலும் மாலை நாலரை மணி அளவில் அங்கே இருப்பீர்கள். மறுநாளும் அதே தூரம், அதே நேரம். ஆனால் சாதாரண விடுதி என்று நீங்கள் ஒதுக்கிய அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்துவிடாதீர்கள். தொலைபேசியில் அழைத்து, தரைத்தளத்தில் அறை கிடைக்குமா, வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறை வாசல் வரை எத்தனை படிகள், அறைக்குள்ளேயே வெஸ்டர்ன் கழிப்பறை உண்டா, குளியலறைத் தரை வழுக்குமா, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவில் விளக்கு போட்டுவைக்க முடியுமா என்று நீங்களே கேளுங்கள். இதை மனைவியிடம் ஒப்படைக்காதீர்கள். அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, ஒவ்வொரு பயணத்திலும் உங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக் கழிப்பறை வரை அழைத்துப் போனவர் அவர்தான் என்றால், காரணத்தை நான் ஊகிக்க வேண்டியதில்லை, நீங்களும் ஊகிக்க வேண்டியதில்லை, கேட்டாலே சொல்லிவிடுவார்.

பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. இரவு 8 மணிக்குப் போய்ச் சேரும் குழந்தைகள் கடலைப் பார்ப்பதில்லை. பசியோடும் தூக்கத்தோடும் அழுவார்கள். உள்ளே தள்ளியிருக்கும் அந்தச் சிறிய ஊரில் தங்கிவிட்டு, மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே காரில் கரைக்குப் போங்கள். அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பெரும்பாலான கரைகளில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகும். ஆகவே நீர் எதுவரை வரும், இழுப்பு எங்கே இருக்கிறது என்பதை அங்கிருக்கும் மீனவர்களிடம் கேட்டபின், சிறியவனைக் கையெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொண்டு காலை நனைக்கவிடுங்கள். இருட்டில் போய் இறங்குபவருக்கு இவற்றில் எதையும் பார்த்துக்கொள்ள வழியில்லை.

இனி முக்கியமான வேலை. “தண்ணீர் வேண்டுமா அம்மா?” என்று வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்காதீர்கள், வேண்டாம் என்ற பதில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய நாள் அவரருகில் உட்கார்ந்து, எந்தெந்த ஊரில் எத்தனை மணிக்கு நிறுத்தப்போகிறீர்கள் என்பதை வரிசையாகச் சொல்லுங்கள். அடுத்த கழிப்பறை எப்போது வரும் என்று தெரிந்தால்தான் அவருக்குத் தண்ணீர் குடிக்கும் துணிவு வரும். குழந்தைகளுக்காக நிறுத்துகிறோம் என்று பொய் சொல்லாதீர்கள். எல்லாருக்காகவும், அவருக்காகவும் நிறுத்துகிறோம் என்றே சொல்லுங்கள். சொன்ன இடத்தில், நல்ல சாலை கிடைத்துவிட்டதே என்று தாண்டிப் போகாமல், சொன்னபடி நிறுத்துங்கள். முதலில் நீங்கள் இறங்கிக் கதவைத் திறந்து, அவரைக் கொஞ்ச தூரம் நடக்க வைத்து, தம்ளரில் தண்ணீரை ஊற்றிக் கையில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை அருகிலேயே நில்லுங்கள். முதல் இரண்டு நிறுத்தங்களில் மறுப்பார். மூன்றாவதில் வாங்கிக்கொள்வார் என்றே நம்புகிறேன். வாங்கிக்கொள்ளாவிட்டாலும் நான்காவதில் மீண்டும் கொடுங்கள்.

310-இல் தரைத்தள அறை கிடைக்கவில்லை என்றால், அதற்கு முப்பது கிலோமீட்டர் முன்னும் பின்னும் உள்ள ஊர்களில் விசாரியுங்கள். அதைத் தாண்டிப் போகாதீர்கள். 310-க்கு அப்பால் உள்ள ஊர் என்றால் முதல் நாள் காலையில் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிடுங்கள்.