நெட்டாலுக்குப் போன சின்னசாமி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் சின்னசாமி, த/பெ முத்து, போளூர் பக்கம். 1890 வாக்கில் ‘நெட்டால் கரும்புத் தோட்டத்துக்கு’க் கப்பலேறியவர், திரும்பி வரவில்லை. தென்னாப்பிரிக்க இந்தியர்களின் வம்சாவளிக் குழுக்கள் மூன்றில் ‘இவரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்’ என்று எழுதிப் போட்டேன். இரண்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவதில் ஒருவர் நான்கு தலைமுறைக் குடும்ப மரம் ஒன்றை அனுப்பி, ‘இவர்தான்’ என்றார். இன்னொருவர் டர்பன் பக்கத்து இடுகாட்டில் எடுத்த கல்லறைப் படம் ஒன்றைத் தந்தார். ‘முத்து குமாரன் சின்னசாமி, பிலவ வருஷம் தை மாதம் 9’ என்று தமிழில் இருக்கிறது. பிலவ என்றால் 1901 என்றார்கள். 1901-இல் தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. தன்னார்வலர்களிடம் எப்படித்தான் கேட்பது?

ஆர்.எம்.

அன்புள்ள ஆர்.எம்.,

கல்லில் இருப்பது 1902. பிலவ ஆண்டு 1901 ஏப்ரல் நடுவில் பிறந்து 1902 ஏப்ரலில் முடிகிறது. தை அதன் பத்தாவது மாதம். அப்படியென்றால் தை 9 என்பது 1902 ஜனவரி 20-ஐ ஒட்டிய நாள். ஆண்டுப் பெயர்ப் பட்டியல்கள் ஒரு பெயருக்கு நேரே ஓர் ஆங்கில ஆண்டைத்தான் போடும். மார்கழிப் பிற்பாதியிலிருந்து பங்குனிவரை இறந்தவர்கள் அந்தப் பட்டியல்களில் ஓராண்டு முன்பே செத்துப்போகிறார்கள். 1902-இல் மறுபடி தேடுங்கள். ஆனால் இந்தச் சின்னசாமி உங்களவர்தானா என்று கல் சொல்லாது.

பதில் வராததற்கு வருவோம். 1860 நவம்பர் 16-இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை டர்பனில் இறக்கியது. அதுமுதல் 1911 வரை நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். இதில் சின்னசாமிகளை எண்ணி மாளாது. ‘தெரிந்தவர்கள் சொல்லுங்கள்’ என்றால் படிப்பவர் எங்கே கை வைப்பார்? மொத்தத் தேடலையும் அவர் தலையில் தூக்கி வைக்கிறீர்கள். நீங்கள் வீட்டிலிருந்தபடி செய்யக்கூடியதை முதலில் செய்து முடித்து, உங்களால் போய்ப் பார்க்க முடியாத ஒரு தாளை மட்டும் பார்த்துத் தரச் சொல்லுங்கள். அதற்குத்தான் தன்னார்வலர்.

முதலில், நெட்டால்தானா? வீட்டுப் பேச்சில் கரும்புத் தோட்டம் என்றால் மொரீசியஸும் உண்டு, ஃபிஜியும் உண்டு. சென்னையிலிருந்து ஃபிஜிக்கு ஆள் எடுத்தது 1903 முதல்தான். 1890 என்பது சரியென்றால் ஃபிஜி கழிந்தது. மொரீசியஸ் ஆவணங்கள் அங்கே மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. நெட்டாலில் ஆள் அகப்படாவிட்டால் அடுத்து அங்கே.

நெட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். குடியேற்ற எண் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடல் அடையாளம் எல்லாம் உண்டு. குவாசுலு-நெட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. உங்கள் முழு வேலையும் அந்த எண்ணைப் பிடிப்பதுதான். அதன்பின் வரும் அரசுத் தாள்களில் மனிதரைத் தொடர்வது பெயரைவிட எண்ணை வைத்துத்தான் எளிது. அங்கேயே பிறந்த பிள்ளைகளைக்கூடப் பெற்றோர் எண்ணைக் கொண்டே குறித்தார்கள்.

தேடும்போது ‘சின்னசாமி’ என்று ஒரே எழுத்துக்கூட்டலைப் போட்டுவிட்டு இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முதலெழுத்து எஸ்-ஆகவும் இருக்கும், சி-எச் ஆகவும் இருக்கும். நடுவில் ‘ன’ ஒன்றோ இரண்டோ. ‘சின்சாமி’ என்று சுருங்கியும் வரும். ‘சாமி’யின் வால் ஒய்-இல் முடியும், ஐ-யில் முடியும், நடுவே டபிள்யூ நுழைந்து ‘சாவ்மி’ ஆகும். முத்துவுக்கு யு-வும் உண்டு, இரட்டை ஓ-வும் உண்டு. முன்னும் பின்னும் ஐந்தாறு ஆண்டு விட்டு, 1885 முதல் 1896 வரை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். குடும்பப் பெயரைத் தேட வேண்டாம். பட்டியலில் அவர் வெறும் சின்னசாமிதான்; நாயுடு, பிள்ளை, முதலி, படையாட்சி எல்லாம் சாதிப் பத்தியில் கிடந்து பிற்பாடு அங்கே குடும்பப் பெயரானவை. சாதிப் பத்தியையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். சொன்னதும் எழுதியதும் வேறாக இருக்கலாம்.

ஊர் விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். போளூர் அன்று வட ஆற்காடு ஜில்லா. 1911-இல் சித்தூர் பிரியும் வரை சந்திரகிரி, பலமனேர்கூட அதே ஜில்லாவில்தான் இருந்தன. அதனால் வட ஆற்காடு என்று கண்டதும் துள்ளாதீர்கள், தாணாவைப் பாருங்கள். கிராமப் பெயர் சிதைந்திருந்தால், தமிழக அரசின் பட்டா-சிட்டா இணையப் பக்கத்தில் மாவட்டம், வட்டம் தேர்ந்தெடுத்தாலே வருவாய்க் கிராமங்களின் பெயர்ப் பட்டியல் விரியும். காசு கிடையாது. பட்டியலில் உள்ள சிதைந்த பெயரை வாய்விட்டு உச்சரித்துக்கொண்டே அதில் விரலை ஓட்டுங்கள். பாக்கம், வாடி, நல்லூர் என்ற ஈறுகள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கும்.

தகப்பன் பெயர், தாணா, வயது மூன்றும் ஒத்துவந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுதான் ஒத்தது என்றால் அவர் ‘இருக்கலாம்’ என்ற நிலையில்தான் இருக்கிறார். அந்தக் குடும்ப மரம் அனுப்பியவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: கப்பல் எது, எண் எது? சொன்னால் உட்கார்ந்து பேசலாம். இல்லையென்றால் அன்பாக நன்றி சொல்லி ஓரம் வைத்துவிடுங்கள். ஒருவர் ஊகித்துப் போட்டதை நாலு பேர் படியெடுத்து, பிறகு அந்த நாலையும் சாட்சியாகக் காட்டுவது இந்த உலகத்தில் தினசரி நடப்பது.

எண் கிடைத்தபின் தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடல். இது அட்டவணை மட்டும்தான், தாளின் படம் இராது. ‘என்.ஏ.பி.’ (NAB) என்பது நெட்டால் ஆவணங்கள் உள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகம். மூலம் என்ற இடத்தில் ‘ஐ.ஐ.’ என்றிருந்தால் இந்தியர் குடியேற்றத் துறைக் கோப்பு, ‘எம்.எஸ்.சி.இ.’ என்றிருந்தால் இறந்தவரின் சொத்துக் கோப்பு. விவர வரியில் சில நேரம் குடியேற்ற எண்ணே இருக்கும். சொத்துக் கோப்பில் இறப்பு அறிவிப்பு என்று ஒரு தாள் உண்டு. இறப்புச் சான்றிதழ் வேறு, இது வேறு. பிறந்த இடம், பெற்றோர், மனைவி, பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. நமக்கு வேண்டியது அதுதான். சொத்து வைக்காமல் போனவருக்குக் கோப்பே இல்லாமலும் போகலாம். ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் நெட்டால் சொத்துக் கோப்புகளின் படங்கள் உண்டு; கணக்கு இலவசம். சில படங்கள் மட்டும் அவர்களுடைய மையத்துக்கு நேரில் போனால்தான் திறக்கும்.

தளத்தில் படம் இல்லை, அட்டவணையில் கோப்பு இருக்கிறது என்றால், இப்போது எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஐந்து வரி போதும். தலைப்பில் ஆள் பெயர், ஆண்டு, கோப்பு எண். முதல் வரியில் காப்பகம், மூலம், தொகுதி எண், குறிப்பு எண், அட்டவணையில் உள்ளபடியே, ஒரு புள்ளி மாறாமல். இரண்டாவது வரி: ‘இறப்பு அறிவிப்புத் தாள் ஒன்றை மட்டும் படமெடுத்துத் தர முடியுமா?’ மூன்றாவதில் எங்கெங்கே தேடியாயிற்று. நான்காவதில் ஆவணத்தில் கண்டது எது, வீட்டில் சொன்னது எது என்று பிரித்து. ஐந்தாவதில் நகல் செலவு உங்களுடையது. உயிரோடு இருக்கும் உறவினர் பெயரோ முகவரியோ வேண்டாம். ஒரே கேள்வியை மூன்று குழுவில் போட்டால் மூன்று இடத்திலும் அதைச் சொல்லிவிடுங்கள். இருவர் தனித்தனியே அதே கோப்பை எடுக்கப் பேருந்து ஏறியது தெரிந்தால் மூன்றாம் முறை உங்களுக்கு ஆள் கிடைக்காது. பார்த்தேன், இல்லை என்று ஒருவர் சொன்னாலும் அதை அங்கேயே பதிந்து வையுங்கள்.

உங்கள் கையில் இன்னொரு சரக்கு இருக்கிறது. தென்னாப்பிரிக்க வம்சாவளிச் சங்கத்தின் கல்லறைப் படத் தொகுப்பு தன்னார்வலர்கள் எடுத்துச் சேர்த்தது. எடுத்தவர்களில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவர்களுக்குக் கல்லைப் படித்துக் கொடுங்கள். எண்களில் கவனம்: ௧ ‘க’ போலவும், ௨ ‘உ’ போலவும், ௭ ‘எ’ போலவும், ௮ ‘அ’ போலவும் இருக்கும். தேய்ந்த கல்லில் ௧௯௦௨ என்பதை யாரோ ஒருவரின் தலைப்பெழுத்து என்று நினைத்து விட்டிருப்பார்கள். உங்கள் படத்திலும் தை 9-க்குக் கீழே பாசி படிந்த வரி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஊர்ப் பெயர் அங்கே இருக்கக்கூடும். எடுத்தவரிடம் காலை அல்லது மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் இன்னொரு படம் கேளுங்கள். சுண்ணாம்போ மாவோ பூச வேண்டாம், தண்ணீர் தெளித்தால் போதும் என்று சொல்லுங்கள்.