பகா எண்களும் வகுபடுதலும்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: வில்சன் பகா எண்கள் 5, 13, 563 என்று மூன்றோடு நிற்கின்றனவே சார், அவ்வளவுதானா?

பதில்: 7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய எண் வரை பெருக்குங்கள்: 6! = 1 × 2 × ... × 6 = 720; ஒன்று கூட்டினால் 721 = 7 × 103. எந்தப் பகா எண்ணுக்கும் இப்படி வகுபடும், அதுதான் வில்சன் தேற்றம். வந்த ஈவும் அதே எண்ணால் வகுபட்டால் அது வில்சன் பகா எண். 4! + 1 = 25 = 5 × 5, ஆகவே 5 தேறுகிறது. 103 ஏழால் வகுபடாது, 7 தேறவில்லை. 2 × 10¹³ வரை தேடியாயிற்று, நான்காவது கிடைக்கவில்லை. அதனால் இல்லை என்று ஆகிவிடாது. முடிவில்லாமல் இருக்கும் என்றே நம்புகிறோம், நிரூபணம்தான் இல்லை.

கேள்வி: 2ⁿ − 2 என்பது n ஆல் வகுபட்டால் n பகா எண்தானே? 300 வரை சோதித்துவிட்டேன்.

பதில்: இன்னும் 41 போயிருக்கலாம். 341 = 11 × 31, அதுவும் வகுக்கும். சின்னப் பட்டியலைப் பார்த்து விதி எழுதாதீர்கள்.

கேள்வி: வில்சன் பகா எண் தேட நிரல் எழுதினேன், 21! முதல் குப்பையாக வருகிறது.

பதில்: முழுதாகப் பெருக்கிவிட்டு வகுக்காதீர்கள். ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிறகு, பகா எண்ணின் வர்க்கத்தால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீஃபரிச் பகா எண்களும் 1093, 3511 இரண்டுதானா?

பதில்: 2ஐ (p − 1) தடவை பெருக்கி ஒன்று கழித்தால், 2 தவிர எந்தப் பகா எண் p ஆலும் வகுபடும்; ஈவும் p ஆல் வகுபட்டால் அது வீஃபரிச் பகா எண். தெரிந்தவை இரண்டு. மேலே வில்சனுக்குச் சொன்னதுதான். ஈவை மறுபடி வகுக்கும்போது மீதி பூஜ்யமாக வரும் வாய்ப்பு, அந்தப் பகா எண்ணில் ஒரு பங்கு. இந்த வாய்ப்புகளைக் கூட்டினால் எத்தனை தேறும் என்ற மதிப்பீடு வரும். 1/2 + 1/3 + 1/5 + ... எல்லையில்லாமல் வளரும் என்று ஆய்லர் 1737இல் காட்டினார். ஆனால் படு மந்தம்.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓர் எண் வகுபடும், இல்லை வகுபடாது. இதில் வாய்ப்பு எங்கே வந்தது, பகடையா உருட்டுகிறோம்?

பதில்: நல்ல சண்டை, வாருங்கள். 1093இன் தலைவிதி எழுதியாகிவிட்டது, உண்மைதான். நான் சொல்வது ஓர் எண்ணைப் பற்றி அல்ல, கூட்டத்தைப் பற்றி. மீதிகளுக்கு எந்தப் பக்கமும் சாய்வு இல்லை என்று வைத்துக்கொண்டால் எத்தனை தேறும் என்ற மதிப்பீடு அது. வில்சனுக்கு 2 × 10¹³ வரை அந்தக் கூட்டல் 3.7 அளவில் வரும், கிடைத்தது 3. இன்னும் ஒன்று கூட வேண்டுமென்றால் 37 இலக்க எண்கள் வரை போக வேண்டும். கணினி தோற்பதன் காரணம் இதுதான்.

கேள்வி: (அவரே) வீஃபரிச்சில் மதிப்பீடு இடிக்கிறதே?

பதில்: இதில் 2 சேராது, அதன் 1/2ஐ விட்டுவிட்டால் 10¹⁵ வரை 3.3 வரும், கிடைத்தது 2. சராசரி 3.3 என்றால் இரண்டோ அதற்குக் குறைவோ வருவது மூன்றில் ஒரு தடவைக்கும் மேல் நடக்கும். இதை வைத்து மதிப்பீட்டைத் தூக்கி எறிய முடியாது. ஆனால் இது நிரூபணம் இல்லை என்கிறீர்களே, அதில் உங்களுக்கு முழு மதிப்பெண்.

கேள்வி: அடுத்த வில்சன் பகா எண் எது?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: 563தான் கடைசியா?

பதில்: மேலே. மறுபடியும் மேலே.

கேள்வி: தன்வரையுள்ள பகா எண்களின் கூட்டுத்தொகையை வகுக்கும் பகா எண்கள் உண்டா அண்ணா?

பதில்: அப்பாடா, புதுக் கேள்வி! 2 + 3 + 5 = 10, ஐந்தால் வகுபடும். 71 வரை கூட்டினால் 639 = 71 × 9. வரிசை 2, 5, 71. அப்புறம் ஒரே தாவலாக 369119, அடுத்தது 415074643. இங்கேயும் அதே மந்தக் கூட்டல்தான் ஆள்கிறது. நிரல் எழுதப் போகிறீர்கள் என்றால் இதில் மட்டும் மீதி வித்தை உதவாது, வகுக்கும் எண் ஒவ்வொரு படியிலும் மாறுகிறது. கூட்டுத்தொகையை முழுதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.