டேபிள் சா ரம்பத்தில் பலகை ஏன் திருப்பி அடிக்கிறது?

டேபிள் சா என்பது மேசை நடுவே வட்ட பிளேடு சுழலும் ரம்பம். அதில் அறுத்துக்கொண்டிருக்கும் பலகை திடீரென நம்மை நோக்கிப் பாய்வதைத்தான் கிக்பேக் என்கிறார்கள். பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்தும். பின்பக்கப் பற்களோ மேலே எழும்பி வரும். பலகையை வழிநடத்தும் பக்கத் தடுப்பு பின்முனையில் இம்மியளவு உள்ளே சாய்ந்திருந்தாலும், பலகை இடுங்கி அந்தப் பற்களில் சிக்கிவிடும். லாரி டயர் கல்லைத் தெறிக்கவிடுவது போலத்தான். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடினால் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 240 கி.மீ.!

சின்ன மெஷின்களில் இந்தத் தடுப்பு லேசில் நகர்ந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடுக்கும் தடுப்புக்கும் உள்ள இடைவெளி முன்னும் பின்னும் சமமாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். சமமாக இருந்தால் அறுப்பும் நேராக வரும். பலகை பின்பக்கப் பற்களில் சிக்காமல் தடுக்க, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகட்டைக் கழற்றவே கூடாது.

அப்புறம், கையுறை காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். பிளேடு அதைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.